மாங்காய் போடட்டுமா?

*அன்புள்ள ஐயா, என் மகனுக்கு ஏழு வயது. வீட்டில் என்னிடம் மட்டும்தான் பேசுவான். பள்ளியில் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை இல்லை. கூச்சம், பயம். அவனுக்கு என்ன வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். புதுச்சேரியில் பார்த்த மனநல மருத்துவர் குடும்பமாக வரச் சொல்கிறார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கணவர் மறுக்கிறார். செல்போனால் வந்ததா? பள்ளியை மாற்றலாமா? நான் மட்டும் அழைத்துப் போனால் போதாதா?*

*ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்*

அன்புள்ள தங்கைக்கு,

செல்போனை விடுங்கள். பள்ளியை மாற்றுவதையும் இப்போதைக்கு விடுங்கள். போன வாரம் ஹோட்டலில் சர்வர் வந்து நின்றதும், ஐம்பது வயதைத் தாண்டிய என் தம்பி என் முகத்தைப் பார்த்தான். அதிலிருந்து மனசு சரியில்லை. அப்போதுதான் உங்கள் கடிதம்.

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில். சின்ன வயதில் யாராவது தம்பியிடம் "பேர் என்னப்பா?" என்றால் ஆயா சொல்லிவிடும். எந்த வகுப்பு என்றால் அம்மா. சாப்பிட்டாயா என்றால் நான். ஒருநாள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல்காரம்மா குனிந்து, "மாங்காய் போடட்டுமா கண்ணு?" என்று கேட்டார். அவன் கீழுதடு அசைந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே "போடுங்க" என்றேன். உதடு மூடிக்கொண்டது. அப்புறம் அவன் ஒவ்வொரு மாங்காய்த் துண்டாகப் பொறுக்கி எடுத்து மணலில் புதைத்தான். மாங்காய் அவனுக்குப் பிடிக்காது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

நீங்கள் பெற்றதில் எந்தக் குறையும் இல்லை. ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளைக் கவனித்தார். புதிய சத்தம், புதிய பொம்மை என்றால் கைகால் உதறி அழுதவை 100-க்கு 20 போல இருந்தன. அவர்களில் பலர் பின்னாளில் கூச்சமும் தயக்கமும் உள்ள பிள்ளைகளானார்கள். அது பிறவிச் சுபாவம். ஆனால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். பாசத்தில்தான் செய்கிறீர்கள். நாங்களும் பாசத்தில்தான் செய்தோம். கேள்வி அவனிடம் வந்தால் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். எண்ணி முடித்தும் பேசவில்லையா? அதட்டாதீர்கள். "தோசையா, இட்லியா?" என்று சுலபமாக்கிக் கேட்டுவிட்டு மறுபடி ஐந்து எண்ணுங்கள். உங்களுக்குத் தொண்டை அடைக்கும். அடைக்கட்டும்.

குடும்பமாக வரச் சொல்வதும் இதற்குத்தான். சால்வடார் மினுசின் என்ற குடும்ப சிகிச்சை நிபுணர், யாருக்காக யார் பேசுகிறார்கள் என்று கவனித்துப் பார்த்தார். நாற்காலிகளையே மாற்றிப் போட்டு உட்கார வைத்தார். பைத்தியம் என்று யாரும் உங்கள் கணவரைச் சொல்லவில்லை. வீட்டில்கூட மகன் தன்னிடம் ஏன் பேசவில்லை என்று ஒரு தகப்பனுக்குக் கேட்கத் தோன்றாதா? இதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

மருத்துவர் கொடுத்த தேதிக்கு அவர் லீவு போடட்டும். பையனுக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் உட்காரட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.