கணினி கேள்வி பதில்: புள்ளி வேறு, மட்டம் வேறு

கே: கண்மாய்ப் பாசனம் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிறேன். எம்.எஸ். வேர்டில் பொருளடக்கத்தைத் தானாக வரவழைத்தேன். 2.1, 2.2 என்று எண் போட்ட உட்தலைப்புகள் ஒன்றுகூட வரவில்லை. ஆனால் மடை, கலுங்கு, கரை என்று புள்ளி வைத்து விளக்கிய குறிப்புகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும். கையாலேயே தட்டிவிடலாமா?
— ஆய்வு மாணவி, மேலூர்

ப: வேண்டாம். கையால் தட்டிய பொருளடக்கம், நெறியாளர் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்ன அன்றே பொய்யாகிவிடும். ஆய்வேடு தட்டச்சிலேயே பல காலம் உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், உங்கள் கோப்பை ஒரு மாலைக்குள் நேராக்கிவிடலாம்.

ஒரு பத்திக்கு இரண்டு விதமான மட்டங்கள் உண்டு. ஒன்று பட்டியல் மட்டம். புள்ளி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்க வேண்டும், எண் 2 என்று வருமா 2.1 என்று வருமா என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். வேர்டில் இப்படி ஒன்பது மட்டங்கள், லிப்ரெ ஆபீஸ் ரைட்டரில் பத்து. இன்னொன்று அவுட்லைன் மட்டம். இந்தப் பத்தி நூலின் கட்டமைப்பில் தலைப்பா, எத்தனையாவது படித் தலைப்பு, அல்லது வெறும் உரையா என்பதைச் சொல்வது அதுதான். பொருளடக்கமும் இடப்பக்கம் திறக்கும் நேவிகேஷன் பேனும் இந்த இரண்டாவதைத்தான் நம்புகின்றன. எண்ணையும் புள்ளியையும் அவை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

உங்கள் கோப்பில் நடந்திருப்பது இதுதான். 2.1, 2.2 ஆகியவற்றைச் சாதாரண நார்மல் பத்தியில் வைத்து, மல்டிலெவல் லிஸ்ட் பொத்தானை அழுத்தி, டேப் தட்டி உள்ளே தள்ளியிருப்பீர்கள். பட்டியல் மட்டம் இரண்டு ஆகிவிட்டது. அவுட்லைன் மட்டம் மட்டும் 'பாடி டெக்ஸ்ட்' என்றே இருக்கிறது. ஒரு உட்தலைப்பில் கர்சரை வைத்து, வலது கிளிக்கில் பாராகிராஃப் பெட்டியைத் திறந்தால் மேலேயே தெரியும். மடை, கலுங்கு வரிகளுக்கோ ஹெட்டிங் 3 என்ற பாணியைக் (ஸ்டைல்) கொடுத்திருப்பீர்கள், அந்த நீல நிறமும் எழுத்தும் பிடித்துப்போயிருக்கும். ஆனால் ஹெட்டிங் 3 என்றாலே அவுட்லைன் மட்டம் 3. புள்ளி வைத்தாலும் அது தலைப்புதான்.

முதலில் புள்ளி வரிகள். ஸ்டைல்ஸ் பலகையில் ஹெட்டிங் 3 மேல் வலது கிளிக் செய்தால், அந்தப் பாணியில் உள்ள அத்தனை பத்திகளையும் ஒருசேரத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. தேர்ந்தெடுத்து 'லிஸ்ட் புல்லட்' பாணியைக் கொடுங்கள். நீல நிறம் வேண்டுமென்றால் லிஸ்ட் புல்லட் பாணியையே மாடிஃபை செய்து அதில் நிறம் வையுங்கள். அப்புறம் இயல் தலைப்புகளுக்கு ஹெட்டிங் 1, உட்தலைப்புகளுக்கு ஹெட்டிங் 2. பழைய எண்களை எடுத்துவிட்டு, ஓர் இயல் தலைப்பில் கர்சரை வைத்து, மல்டிலெவல் லிஸ்ட் பொத்தானைத் திறந்தால் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 'ஹெட்டிங் 1', 'ஹெட்டிங் 2' என்று எழுதிய மாதிரி ஒன்று தெரியும். அதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் மட்டமும் அவுட்லைன் மட்டமும் கைகோத்துக்கொள்ளும். 'இயல் 1' என்று வரவேண்டுமா? டிஃபைன் நியூ மல்டிலெவல் லிஸ்ட் பெட்டியில் முதல் மட்டத்தின் எண்ணுக்கு முன்னால் 'இயல்' என்று தட்டினால் போதும். கடைசியில் பொருளடக்கத்தில் கர்சரை வைத்து F9.

இதில் இன்னொரு லாபம் உண்டு. நெறியாளர் மூன்றாம் இயலை நான்காவதாக மாற்றச் சொன்னால், நேவிகேஷன் பேனில் அந்தத் தலைப்பைப் பிடித்து இழுத்துக் கீழே விடுங்கள். அதன் உரை மொத்தமும் கூடவே போகும், எண்களும் மாறிக்கொள்ளும். வெட்டி ஒட்டுவதில் பக்கம் தொலையும் பயமே இல்லை.

ரைட்டர் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பத்திப் பாணியின் 'அவுட்லைன் அண்ட் லிஸ்ட்' என்ற தாளில் இரண்டு மட்டங்களுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். தலைப்பு எண்களுக்கு டூல்ஸ் மெனுவில் ஹெட்டிங் நம்பரிங்.

கே: பாமினி எழுத்துருவில் எங்கள் சங்கத்தின் யாப்பை, அதாவது அமைப்பு விதிகளை, வேர்டில் தட்டச்சு செய்கிறேன். உட்பிரிவுகளுக்கு a, b, c வரவேண்டிய இடத்தில் ய, டி, உ என்று வருகிறது. அழித்துத் தட்டவும் முடியவில்லை, கர்சர் அதன்மேல் நிற்கவே மாட்டேன் என்கிறது.
— சனசமூக நிலையச் செயலாளர், யாழ்ப்பாணம்

ப: கர்சர் நிற்காததற்குக் காரணம், அது நீங்கள் தட்டிய எழுத்தே இல்லை. வேர்ட் தானாக வரைவது. எழுத்துரு இன்னதென்று பட்டியலில் சொல்லாவிட்டால், பத்தி முடிவில் மறைந்திருக்கும் ¶ குறியின் எழுத்துருவை அது எடுத்துக்கொள்ளும். பாமினியில் a விசைக்கு ய, b விசைக்கு டி, c விசைக்கு உ. கணினிக்கு அது இன்னும் a தான், உடுப்பு மட்டும் பாமினி.

பட்டியலில் கர்சரை வைத்து, நம்பரிங் பொத்தானுக்குப் பக்கத்து அம்பில் டிஃபைன் நியூ நம்பர் ஃபார்மட் போங்கள். அங்குள்ள ஃபாண்ட் பொத்தானில் டைம்ஸ் நியூ ரோமன் என்று வையுங்கள். இனி உரை எந்த எழுத்துருவுக்கு மாறினாலும் எண் அசையாது.

புள்ளிப் பட்டியலிலும் இதே கதை ஒளிந்திருக்கிறது. வேர்டின் இரண்டாம் மட்டத்தில் வரும் வெற்று வட்டம் உண்மையில் கூரியர் நியூ எழுத்துருவில் உள்ள ஆங்கில o. அந்த மட்டத்துக்கும் பாமினியைக் கொடுத்தால் வட்டம் இருந்த இடத்தில் ழ வந்து உட்காரும். யாப்பு பல காலம் இருக்கவேண்டிய ஆவணம் ஐயா. எழுத்துருவை மாற்றினால் உருக்குலையும் வடிவில் வைக்காமல், ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிடுங்கள். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கே: அம்மாவின் சமையல் குறிப்புகளைத் தொகுக்கிறேன். ஒரு புள்ளிக்குக் கீழே, புள்ளி இல்லாமல், அதே நேர்கோட்டில் இரண்டாவது பத்தி எழுத முடியவில்லை. எண்டர் தட்டினால் புதுப்புள்ளி வருகிறது. இப்போதைக்கு ஸ்பேஸ் பாரால் தள்ளி வைத்திருக்கிறேன்.
— இல்லத்தரசி, காரைக்குடி

ப: ஸ்பேஸ் பாரால் தள்ளியதையெல்லாம் எடுத்துவிடுங்கள் அம்மா, எழுத்தின் அளவை மாற்றினால் அத்தனையும் கோணலாகும். எண்டர் தட்டுங்கள், புதுப்புள்ளி வரும். உடனே பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை தட்டுங்கள். புள்ளி போய்விடும், வரி அதே நேர்கோட்டில் நிற்கும். இரண்டாம் முறை தட்டினால் நேர்கோடும் கலைந்துவிடும், ஆகவே ஒன்றோடு நிறுத்துங்கள்.

தொகுப்பு முழுக்க இப்படி வருமென்றால் வேர்டில் 'லிஸ்ட் கன்டினியூ' என்று ஒரு பாணி இதற்கென்றே இருக்கிறது. புள்ளி இல்லாத பத்திகளுக்கு அதைக் கொடுங்கள். அடுத்த சமையல் குறிப்பின் எண் 1 என்று தொடங்காமல் 9 என்று தொடர்ந்தால் பயப்பட வேண்டாம். அந்த எண்ணின் மேல் வலது கிளிக் செய்து ரீஸ்டார்ட் அட் 1 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.