பரு வருமுன் போட வேண்டிய மருந்து

வாசகர் கேள்வி – தோல் மருத்துவர் பதில்

முகப்பருவுக்கு இரவில் தடவும் ரெட்டினாய்டு மருந்துகளைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. வைட்டமின் ஏ-யின் வழிவந்த ட்ரெட்டினோயின், அடாபலீன், டசரோட்டீன் போன்றவற்றையே ரெட்டினாய்டு என்கிறோம். ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்திருந்ததால், அவற்றுள் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 20, கல்லூரியில் படிக்கிறேன். நெற்றியிலும் கன்னங்களிலும் பரு இருந்ததால் தோல் மருத்துவர் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரமாகத் தடவுகிறேன். முன்பிருந்ததைவிடப் பரு கூடிவிட்டது. மூக்கோரமும் வாயோரமும் தோல் உரிகிறது, தண்ணீர் பட்டாலே எரிகிறது. விடுதித் தோழிகள் மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
— வாசகி, மதுரை

பதில்: மருந்தைக் கைவிட வேண்டாம், தடவும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தோழிகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இப்போது நீங்கள் தடவும் அளவு உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல மூன்று வாரம் போதாது.

கண்ணாடியில் ஒரு பருவை நாம் பார்க்கும் நாளில் அது பிறப்பதில்லை. மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய செல்கள், உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணெய்ச் சுரப்பியின் பசையோடு சேர்ந்து அடைப்பாக மாறுகின்றன. அந்த அடைப்பு கண்ணுக்குத் தெரியாமலேயே பல வாரங்கள் உள்ளே இருந்துவிட்டு, பிறகுதான் கரும்புள்ளியாகவோ சிவந்த கட்டியாகவோ சீழ்ப்பருவாகவோ வெளியே தலைகாட்டுகிறது. ரெட்டினாய்டு வேலை செய்வது அந்த அடைப்பு உருவாகும் இடத்தில். செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒழுங்காக உதிரும்படி அது செய்கிறது, வீக்கத்தையும் ஓரளவு தணிக்கிறது. ஆகவே நீங்கள் இன்றிரவு தடவும் மருந்து, இன்று கன்னத்தில் இருக்கும் பருவைவிட, இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் வரக் காத்திருக்கும் பருவுக்கே அதிகம் பயன்படுகிறது. தொடங்கிய முதல் சில வாரங்களில், ஏற்கெனவே உள்ளே இருந்த அடைப்புகள் சற்று முந்திக்கொண்டு வெளிவருவதால் பரு கூடியதுபோலத் தோன்றுவதுண்டு. பயன் தெரியப் பொதுவாக 8 முதல் 12 வாரம் ஆகும்.

இனி எரிச்சலுக்கு வருவோம். என்னிடம் வருபவர்கள் இப்படிச் சொன்னால், வீட்டில் எவ்வளவு எடுக்கிறார்களோ அவ்வளவு ஜெல்லைப் புறங்கையில் பிதுக்கிக் காட்டச் சொல்வேன். பத்தில் எட்டுப் பேர், பல் துலக்கப் பற்பசை எடுப்பதுபோல, விரல் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். முகம் முழுவதற்கும் தேவைப்படுவது ஒரு பட்டாணி அளவுதான். அதை நெற்றி, இரு கன்னங்கள், முகவாய் என நான்கு இடங்களில் பொட்டு வைப்பதுபோல வைத்து, மெல்லப் பரப்பிவிட வேண்டும். அப்படித் தடவினால் 15 கிராம் ட்யூப் ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். உங்கள் ட்யூப் மூன்று வாரத்துக்குள் தீர்ந்துபோயிருந்தால், எரிச்சலுக்கான காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

மூன்று நான்கு நாள் மருந்தை நிறுத்திவிட்டு, வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை மட்டும் காலையும் இரவும் தடவுங்கள். எரிச்சல் அடங்கியபின், மூன்று இரவுகளுக்கு ஒருமுறை என்று மீண்டும் தொடங்கி, இரண்டு வாரம் தாங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தினமும் என்று கூட்டிக்கொண்டு போகலாம். மென்மையான சோப்பால் கழுவி, முகம் நன்றாக உலர்ந்த பிறகே ஜெல்லைத் தடவுங்கள். ஈரத் தோலில் மருந்து வேகமாக இறங்கி எரிச்சலைக் கூட்டக்கூடும். முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து என்று தடவினாலும் தவறில்லை. கண்ணிமை, மூக்கின் மடிப்பு, உதட்டோரம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அங்கே சிறிது வாசலின் தடவிக்கொள்வது நல்ல காப்பு. இந்தக் காலத்தில் எலுமிச்சைச் சாறு, கடலைமாவுத் தேய்ப்பு, சொரசொரப்பான ஸ்க்ரப் எதுவும் வேண்டாம். பகலில் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் வேண்டும், ஏனெனில் ரெட்டினாய்டு தடவும் தோல் வெயிலில் எளிதில் சிவந்துவிடும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த எரிச்சலே கரும்படலமாகத் தங்கிவிடவும் கூடும்.

முகம் வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, இமை தடித்தாலோ அது வேறு கதை. அப்போது காத்திராமல் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. நெற்றி முழுவதும் பொடிப்பொடியாகப் பருக்கள். அதே அடாபலீன் ஜெல்லைத்தான் அவனுக்கும் கொடுத்திருக்கிறார்கள். பரு இருக்கும் இடத்தில் மட்டும் ஒவ்வொன்றாக வைத்துவிடுகிறேன். இந்த வயதில் இது தகுமா? மருந்துக்குப் பதிலாகக் கஸ்தூரி மஞ்சள் போடலாம் என்கிறார் என் மாமியார்.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடாபலீன் தாராளமாகக் கொடுக்கப்படும் மருந்து, வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்காவில் 2016 முதல் 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லை மருந்துச் சீட்டில்லாமலே வாங்கலாம் என்ற அளவுக்கு அது பழகிய மருந்தாகிவிட்டது. இதை நான் சொல்வது உங்கள் அச்சத்தைப் போக்கத்தானே தவிர, நம் ஊரில் நீங்களாகக் கடையில் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதற்காக அன்று.

மாற்ற வேண்டியது தடவும் இடத்தை. வெளியே தெரியும் பருவின் தலையில் மட்டும் வைத்தால், பக்கத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் அடைப்புகளுக்கு மருந்து போய்ச் சேராது. நெற்றியில்தான் பிரச்சினை என்றால் நெற்றி முழுவதும் மெல்லிய படலமாகத் தடவுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். காலையில் பள்ளிக்கு அனுப்பும்போது தலையில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக வைத்துப் படிய வாருகிறீர்களா? நெற்றியிலும் முடியோரத்திலும் மட்டும் பொடிப்பருவாக வரும்போது, வழிந்து இறங்கும் எண்ணெய் ஒரு காரணமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். எண்ணெயைக் குறையுங்கள், அல்லது இரவில் வைத்து மறுநாள் காலையில் அலசிவிடுங்கள். தலையணை உறையையும் அடிக்கடி மாற்றுங்கள். மஞ்சளைப் பொறுத்தவரை உங்கள் மாமியாரோடு சண்டை வேண்டாம், ஆனால் அடாபலீன் தடவும் முகத்தில் அது வேண்டாம். மயிர்க்காலின் அடைப்பை அது நீக்குவதில்லை; உரிந்த தோலில் எரிச்சலையும் தரலாம்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஒரு க்ரீம் தடவுகிறேன். பருவும் தழும்பும் போக நல்லது என்று தெரிந்த மருந்துக் கடையில் கொடுத்தார்கள். தடவிய ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது இரண்டு நாள் விட்டால் முகம் சிவந்து, எரிந்து, சின்னச்சின்னப் பருக்கள் கிளம்புகின்றன. திரும்பத் தடவினால் அடங்கிவிடுகிறது. ட்யூபில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர்கள் உள்ளன. ட்ரெட்டினோயின் இருப்பதால் இதுவும் பரு மருந்துதானே?
— வாசகர், திருப்பூர்

பதில்: பெயர்களைப் பார்த்து எழுதியனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. மேலட்டையில் இருக்கும் படத்தையும் பெரிய எழுத்துப் பெயரையும் மட்டும் பார்ப்பவர்களே அதிகம்.

இது பரு மருந்தன்று. மங்கு என்று நாம் சொல்லும் கரும்படலத்துக்கு, மருத்துவரின் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் என்று கொடுக்கப்படும் கலவை. இதிலுள்ள மூன்றாவது பொருளான மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. ஒரே வாரத்தில் முகம் வெளுத்துச் சிவப்பு அடங்கியதற்கு அதன் பங்குதான் பெரிது. ட்ரெட்டினோயின் ஒரே வாரத்தில் யாருக்கும் அப்படிச் செய்வதில்லை. அது முதலில் தோலை உரித்துக் கோபப்படுத்தும் மருந்து. ஒரு பரு க்ரீம் ஒரு வாரத்தில் அற்புதம் செய்கிறது என்றால், அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளுவோசினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று ட்யூபில் இருந்தால், அதைப் பருவுக்கென்று முகத்தில் தடவத் தொடங்கக் கூடாது.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தடவிய முகத்தில் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்போலத் தெரியத் தொடங்கும். பெண்களுக்கு மெல்லிய முடி வளர்வதும் உண்டு. பருவுக்குத் தடவிய மருந்தே பருவை உண்டாக்கும். விட்டால் எரிகிறது, போட்டால் அடங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தச் சார்புநிலைதான். தோலின் கருமையைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோனை ஆண்டுக்கணக்கில் தடவினால் நீலங்கலந்த கருமை நிலையாகப் படிந்துவிடும் அபாயமும் இருக்கிறது. இந்திய அரசு 2018-ஆம் ஆண்டு பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கவுன்ட்டரில் 'நல்ல க்ரீம் ஒன்று கொடுங்கள்' என்று கேட்பதும், கை நீளுவதும் நின்றபாடில்லை.

இதைத் திடீரென்று நிறுத்தினால் முகம் சில வாரங்களுக்கு மோசமாகக் கொதிக்கக்கூடும். தாங்க முடியாமல் மீண்டும் அதே ட்யூபை எடுப்பவர்கள் பலர். ஆகவே, அந்த ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக விடுவதா, ஒரேயடியாக நிறுத்தி வேறு மருந்துகளால் எரிச்சலைக் கட்டுப்படுத்துவதா என்பதை உங்கள் தோலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அதுவரை தனி ட்ரெட்டினோயினையோ அடாபலீனையோ வாங்கித் தடவிப் பார்க்காதீர்கள். மெலிந்த தோல் அதைத் தாங்காது. பருவுக்கு ரெட்டினாய்டு தேவைப்பட்டாலும் அது தோல் தேறிய பிறகுதான்.

கேள்வி: அடுத்த மாதம் எனக்குத் திருமணம். வயது 26. கன்னத்தில் பருவும் பழைய கறைகளும் இருக்கின்றன. ட்ரெட்டினோயின் 0.025 சதவீத க்ரீமும், காலையில் தடவ பென்சாயில் பெராக்சைடு ஜெல்லும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் தொடங்கவில்லை. இரண்டையும் சேர்த்து இரவிலேயே தடவிவிடலாமா? இதற்குப் பதில் இணையத்தில் விற்கும் ரெட்டினால் சீரம் போதுமா? முகூர்த்தத்துக்கு முன் த்ரெடிங், வாக்ஸிங் செய்யலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கேள்விகளில் கடைசியானதிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் நாள் குறித்தாகிவிட்டது. ரெட்டினாய்டு தடவும் தோலின் மேலடுக்கு எளிதில் உரியக்கூடியது. மெழுகோடு சேர்ந்து தோலும் கிழிந்து வந்து, பிறகு அந்த இடம் கறுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் வாக்ஸிங் செய்வதானால் ஒரு வாரத்துக்கு முன்பே மருந்தை நிறுத்தியிருக்க வேண்டும். த்ரெடிங் அவ்வளவு கடுமையானதன்று என்றாலும் சில நாள் இடைவெளி விடுவது நல்லது.

ஆனால் உங்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது என்று நினைக்கிறேன். இன்று தொடங்கினால், தோல் உரிந்து பரு கூடும் அந்த முதல் வாரங்கள் சரியாக உங்கள் முகூர்த்த நாளில் வந்து நிற்கும். மதுரை வாசகிக்கு எழுதிய பதிலைப் படித்திருப்பீர்கள். திருமணம் முடியும்வரை ட்ரெட்டினோயினைத் தள்ளிவைத்துவிட்டு, இடைக்காலத்துக்கு என்ன செய்யலாம் என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

பென்சாயில் பெராக்சைடைக் காலையிலும் ட்ரெட்டினோயினை இரவிலும் தனித்தனியாகக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமான ட்ரெட்டினோயினைப் பெராக்சைடு சிதைத்துவிடும். வெளிச்சமும் அதைச் சிதைக்கும், அதனால்தான் இரவு. அடாபலீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதையும் பெராக்சைடையும் ஒரே ட்யூபில் கலந்தே விற்கிறார்கள். பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும் என்பதால், பட்டுப் புடவைகளை எடுத்து வைக்கும் கையில் அது ஒட்டியிருக்க வேண்டாம்.

ரெட்டினால் சீரம் வேறு வகை. தோலுக்குள் போய் இரண்டு படி மாற்றங்களுக்குப் பிறகே அது ட்ரெட்டினோயினாக, அதாவது ரெட்டினாயிக் அமிலமாக ஆகிறது. அதற்குள் வீரியத்தில் பெரும்பகுதி போய்விடும். பருவுக்கு ட்ரெட்டினோயின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1971-இல். அன்றிலிருந்து பரு மருந்தாகச் சோதித்துத் தேறிய அனுபவம் அதற்கு உண்டு, சீரத்துக்கு இல்லை. விலையைப் பார்த்தாலும் பல சீரங்களைவிட மருந்துதான் மலிவு.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றை எழுதியாக வேண்டும். திருமணத்துக்குப் பின் விரைவில் குழந்தை வேண்டும் என்று எண்ணியிருந்தால், மருந்தைத் தொடங்குமுன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இதே ரெட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்த, வாய்வழி உண்ணும் ஐசோட்ரெட்டினோயின் என்ற பரு மாத்திரை கருவுக்குக் கடும் ஊனங்களை உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி. அதை நிறுத்தி ஒரு மாதமேனும் கடக்காமல் கருத்தரிக்கக் கூடாது. தோலில் தடவும் ட்ரெட்டினோயினும் அடாபலீனும் இரத்தத்தில் மிகச் சிறிதளவே கலக்கின்றன என்றாலும், கர்ப்பகாலத்துக்கு வேறு மருந்துகள் இருக்கும்போது இவற்றைத் தொடர வேண்டிய அவசியமில்லை என்பதால் தவிர்க்கச் சொல்கிறோம். டசரோட்டீன் அறவே கூடாது. கர்ப்பகாலத்துக்கு உள்ள மாற்று மருந்துகளில் ஒன்று அசெலாயிக் அமிலம், அது கறைகளுக்கும் உதவும். கருத்தரித்தது தெரியாமல் சில நாள் ட்ரெட்டினோயின் தடவிவிட்டால் பதறாதீர்கள். தடவுவதை நிறுத்திவிட்டு, அடுத்த பரிசோதனையின்போது மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.