கையெழுத்து போட்டால் ஆளைத் தூக்கலாமா?

கேள்வி: என் தம்பி குடிக்கு அடிமை. ஒரு மறுவாழ்வு மையத்தில் கேட்டேன். "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, ராத்திரி வண்டி அனுப்பித் தூக்கிக்கிறோம். மூணு மாசம் பார்க்க வராதீங்க" என்கிறார்கள். நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் எதற்கு ஆயிரம் விதி போடுகிறது? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: ஆயிரமெல்லாம் இல்லை ஐயா. இருக்கிற கொஞ்சத்தையும் அந்த மையம் ஒரே மூச்சில் மீறப் பார்க்கிறது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனப் பாதிப்பையும் மனநோய்க் கணக்கில்தான் வைத்திருக்கிறது. அதனால் அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தருகிற மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ ஒருவரும், சேர்க்கும் அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ தனித்தனியாகத் தம்பியைப் பார்த்திருக்க வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்துவார், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்று இருவரும் சொல்ல வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள் வரைதான். சேர்த்த ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். பார்க்க வருகிறவர்களைச் சந்திப்பதும் போனில் பேசுவதும் அவருடைய உரிமை. மூன்று மாதம் கண்ணில் காட்டாமல் வைப்பதற்கு அவர்கள் யார்?

மருத்துவர் எதற்கு என்று கேட்பீர்கள். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். வண்டியில் வந்து தூக்குகிற நாலு பேருக்கு இது தெரியுமா?

சங்கிலியால் கட்டுவதை இந்தச் சட்டம் அடியோடு தடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். அவர்களையும் 'குணமாகட்டும்' என்று வீட்டார்தான் கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

என்னைக் கேட்டால், விதி போதவில்லை. பதிவில்லாமல் மையம் நடத்தி முதல் தடவை மாட்டினால் அபராதம் 5,000 ரூபாயிலிருந்து 50,000 வரை. இதற்கா பயப்படுவார்கள்? 2003-லிருந்து சில்லறை மதுக்கடையைத் தானே நடத்துகிற அரசு, பாட்டில் கணக்கு பார்க்கிற கண்ணில் பாதியையாவது இந்த மையங்கள் பக்கம் திருப்பலாம்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அந்த மையத்துக்குத் திரும்ப போன் போட்டு, பதிவுச் சான்றிதழ் எண் என்ன, ராத்திரி இருக்கிற டாக்டர் யார் என்று கேளுங்கள். மழுப்பினால் வைத்துவிடுங்கள். 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது. அப்புறம், அவர் தெளிவாக இருக்கிற ஒரு காலையில் அவரிடமே பேசிப் பாருங்கள். அவரே வந்து சேர்ந்தால் கையெழுத்தும் அவருடையதே. வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்கிற உரிமையும் அவர் கையிலேயே இருக்கும்.