அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்?

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து, தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு மூளையில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அவரே தம்ளரைப் பிடித்துக் காபி குடித்திருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து பிளஸ் ஒன் படிக்கும் மகள் "நான் இதைத்தான் படிப்பேன்" என்கிறாள். உங்களுக்கோ மூன்று கவலை: எத்தனை வருஷம் ஆகும், கதிர்வீச்சு பெண்பிள்ளைக்கு ஆகுமா, கம்ப்யூட்டரே ஸ்கேன் பார்க்கும் காலத்தில் இந்த வேலை நிலைக்குமா.

கடைசிக் கவலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல பெற்றோர் என்னிடம் கேட்பது அதைத்தான்.

உங்கள் மாமனாருக்குச் செய்த சிகிச்சை மிகவும் புதியது. ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போடுவது முன்பே இருந்தது. ஆனால் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் அந்த ஊசி பல நேரம் போதவில்லை. குழாய் விட்டுக் கட்டியை இழுத்து எடுப்பது உண்மையிலேயே பலன் தருகிறது என்று உறுதியானது 2015-இல்தான். நெதர்லாந்தில் 16 மருத்துவமனைகளில் 500 நோயாளிகளை வைத்து நடந்த எம்.ஆர். கிளீன் ஆய்வு அதற்கு வழி திறந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 19 பேர்தான் யார் உதவியும் இல்லாமல் இருந்தார்கள். கட்டியையும் எடுத்தவர்களில் அது 33 பேர். அதே ஆண்டில் வேறு நான்கு ஆய்வுகளும் இதையே சொல்லின.

அப்போதும் ஆறு மணி நேரத்துக்குள் வந்தால்தான் என்று ஒரு கெடு இருந்தது. காலையில் எழும்போதே கை கால் விழுந்திருந்தால், எப்போது ஆரம்பித்தது என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கெடுவைத் தள்ளிவைத்தது மூளைப் படம்தான். ஒரு ரத்தக்குழாய் அடைத்தால் நடுவில் ஒரு பகுதி இறந்துவிடும். அதைச் சுற்றி, ரத்தத்துக்கு ஏங்கிக்கொண்டு, ஆனால் இன்னும் சாகாத பகுதி இருக்கும். அது எவ்வளவு இருக்கிறது என்று சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து மென்பொருள் சில நிமிடங்களில் கணக்குப் போட்டுக் காட்டும். 2018-இல் வெளியான டான் ஆய்வில் இப்படிப் படத்தைப் பார்த்து, 6 முதல் 24 மணி நேரம் கடந்தவர்களுக்கும் சிகிச்சை செய்தார்கள். சொந்தக் காலில் நின்றவர்கள் 13 சதவீதத்திலிருந்து 49 சதவீதமானார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மென்பொருள் யாருடைய வேலையையும் பிடுங்கவில்லை. முன்பு "நேரம் கடந்துவிட்டது" என்று வார்டுக்கு அனுப்பப்பட்டவர்களை அது கேத் லேபுக்கு, அதாவது குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறைக்கு, கொண்டுவந்தது. டாக்டருக்கும் டெக்னீஷியனுக்கும் வேலை கூடியது. ஐந்து ஆண்டில் கம்ப்யூட்டரே ஸ்கேன் பார்ப்பதில் மிஞ்சிவிடும், இனி ரேடியாலஜி (ஸ்கேன் படம் பார்க்கும்) டாக்டர்களை உருவாக்குவதை நிறுத்திவிடலாம் என்று 2016-இல் ஜெஃப்ரி ஹின்டனே சொன்னார். செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அவர். அவர் சொன்ன ஐந்து ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது, அப்படி நடக்கவில்லை. படம் பார்க்கும் வேலை மாறும், சந்தேகமில்லை. ஆனால் குழாயைப் பிடிக்கும் கைக்கு வேலை வளர்ந்துகொண்டே இருக்கிறது. வயதானவர்கள் கீழே விழுந்து மண்டைக்குள் மெல்ல ரத்தம் சேர்வது உண்டல்லவா, அதற்கும் இப்போது குழாய் வழியாக ஒரு சின்ன ரத்தக்குழாயை அடைக்கிறார்கள். அறுவை சிகிச்சையோடு இதையும் சேர்த்துச் செய்தபோது, மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் 11 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்ததாக 2024-இல் ஓர் ஆய்வு வந்தது.

சரி, மகளிடம் ஒன்று கேளுங்கள்: தாத்தாவுக்குச் சிகிச்சை நடந்தபோது அந்த அறையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? "ஒரு டாக்டர்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்து பி.எஸ்சி. ரேடியோகிராபி படித்த பெண் ஒருத்தி, ஒருமுறை தான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அனுமதி வாங்கி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை உட்காரவைத்தாள். திரையில் மூளையின் ரத்தக்குழாய்கள் இலையுதிர்ந்த மரம் மாதிரி கறுப்பாகத் தெரிந்தன. ஒரு கிளை மட்டும் பாதியில் வெட்டினாற்போல நின்றிருந்தது. டாக்டர் வலைபோன்ற சின்னக் கம்பியை உள்ளே விரித்து, மெல்ல இழுத்தார். ரத்தக்குழாயைப் படத்தில் காட்டும் மருந்தை மறுபடி செலுத்தியதும் அந்தக் கிளை நுனிவரை நிறைந்தது. வெளியே வந்த கட்டி ஒரு அரிசி அளவுதான் இருக்கும். அந்த நேரம் முழுவதும் ஈயக் கவசத்தோடு மயக்க மருந்து டாக்டர், நர்ஸ்கள், வெளியே டெக்னீஷியன்கள் என்று ஏழு பேரை எண்ணினேன். எந்தக் கோணத்தில் படம் எடுப்பது என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பெண் கருவியைத் திருப்பிவிட்டாள். அவள் முகத்தில் இருந்த பெருமிதம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

டாக்டராகத்தான் ஆக வேண்டும் என்றால் கணக்கு இது. எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு, எம்.டி. ரேடியாலஜி மூன்று, அப்புறம் மூளை ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டுச் செய்யும் இந்தச் சிகிச்சையில், அதாவது நியூரோ இன்டர்வென்ஷனில், டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பு மூன்று. மொத்தம் பதினொன்றரை ஆண்டு, ஒவ்வொரு நுழைவுத் தேர்விலும் முதல் தடவையே இடம் கிடைத்தால். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா, பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ் ஆகியவற்றில் இந்த டி.எம். இருக்கிறது, இடங்கள் மிகக் குறைவு. நரம்பியலோ நரம்பு அறுவை சிகிச்சையோ படித்துவிட்டுப் பயிற்சி எடுத்து இதற்குள் வருபவர்களும் உண்டு. முடித்த பிறகும் நள்ளிரவு போன் நிற்காது, ஸ்ட்ரோக் நேரம் பார்த்து வராது. இதையெல்லாம் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் பதினொன்றரை ஆண்டுக்கும் இன்றே அவளிடம் உறுதிமொழி கேட்காதீர்கள். இப்போது எடுக்க வேண்டிய முடிவு நீட் எழுதுவதா என்பது மட்டும்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும் கணக்கில் எடுங்கள்.

கல்யாண வயது பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, குறை சொல்ல மாட்டேன். எம்.டி. படிக்கும்போது கல்யாணம் செய்து, குழந்தை பெற்று, படிப்பையும் முடித்த பெண்கள் பலர். வீட்டில் ஒருவர் துணை நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கதிர்வீச்சுக்கும் சட்டப்படி வரம்பு இருக்கிறது: ஐந்தாண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). சட்டையில் மாட்டும் பேட்ஜ் அதை அளக்கும். கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட் மேல் போகாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும். உண்மையில் அங்கே பலர் படும் கஷ்டம் கவசத்தின் எடையால் வரும் முதுகுவலி.

நீட் சரிவராவிட்டால் கதவு மூடிவிட்டது என்று அவள் நினைக்கக் கூடாது. பி.எஸ்சி. ரேடியோகிராபி முடித்து கேத் லேபிலும் எம்.ஆர்.ஐ.யிலும் தேர்ந்தவர்கள் இல்லாமல் அந்த அறை ஓடாது. ஒரு எச்சரிக்கை: "ஆறு மாதத்தில் கேத் லேப் டெக்னீஷியன், வேலை உறுதி" என்று நோட்டீஸ் ஒட்டும் இடங்களில் பணம் கட்டிவிடாதீர்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் அது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமா என்று பாருங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்.

கணக்கில் கெட்டிக்காரி என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பயோமெடிக்கல் பொறியியல் படித்தால், ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., ஸ்ரீசித்திரா மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் மூளை ஆய்வு மையம் கருவில் உள்ள குழந்தையின் மூளையை 5,132 துண்டுப் படங்களாக்கி, 'தரணி' என்ற முப்பரிமாண வரைபடமாக 2024-இல் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. இணையத்தில் இருக்கிறது, இன்று இரவே அவளோடு உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த மாதம் நேரில் வரும்போது மதிப்பெண் பட்டியலோடு, மருத்துவமனையில் கொடுத்த ஆஞ்சியோ சி.டி. தட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். மாமனார் சம்மதித்தால் போதும். எந்தக் கிளை அடைத்திருந்தது, எப்படித் திறந்தது என்று அவள்தான் எனக்குக் காட்ட வேண்டும்.