என்ஜின் மாற்றலாம், வயரிங்? – வாசகர் கேள்வி பதில்

குடியாத்தம் வாசகர்: என்னுடையது 1998 மாடல் மாருதி 800, கார்ப்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பழைய முறை) வண்டி. ரிங் தேய்ந்து புகை தள்ளுகிறது. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) வேண்டாம், சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும்) என்ஜின் வாங்கிவந்து வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். சரிப்படுமா?

பதில்: மவுன்டிங்கில் உட்காரும். இரண்டுமே 796 சி.சி., மூன்று சிலிண்டர். இறக்கி ஏற்ற ஒரு நாள் போதும். தலைவலி அதற்குப் பிறகு. எந்த வகையில் வைக்கப் போகிறார் என்று முதலில் கேளுங்கள்.

இரும்பை மட்டும் மாற்றி, உங்கள் கார்ப்பரேட்டரையே வைத்து ஓட்டுவது ஒரு வகை. அப்படியானால் வாங்கும் என்ஜினின் ஹெட்டில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் (பிளக்குகளுக்குக் கரன்ட் பிரிப்பது) மாட்ட இடம் இருக்கிறதா, பம்பைத் தள்ளும் லோப் (மேடு) கேம் தண்டில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சிலர் எம்.பி.எஃப்.ஐ. டேங்க் பம்பையே கார்ப்பரேட்டருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆபத்தான வேலை அது. கார்ப்பரேட்டருக்குத் தேவை 0.2, 0.3 பார் அழுத்தம். அந்தப் பம்ப் தருவது 3 பார் அளவில். கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் நீடில் தாங்காது. பெட்ரோல் வழிந்து சூடான சைலன்சர் மேல் விழும்.

ரேடியேட்டர் ஃபேனையும் மறந்துவிடுவார்கள். உங்கள் வண்டியில் தெர்மோ சுவிட்ச் (சூடேறினால் தானே ஆன் ஆவது) ஃபேனைப் போடுகிறது, எம்.பி.எஃப்.ஐ.யில் கூலன்ட் சென்சாரைப் பார்த்து ஈ.சி.எம். (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ரிலேயைப் போடுகிறது. பழைய என்ஜினின் சுவிட்சைக் கழற்றிப் புதியதில் மாட்டாமல் விட்டால் ஃபேன் ஓடாது. மார்கழியில் தெரியாது. மே மாதம் 40 டிகிரி வெயிலில் காட்பாடி மேம்பாலத்தில் வண்டிகள் நின்றால் என்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போய்விடும்.

முழுசாக எம்.பி.எஃப்.ஐ. ஆக்குவது இரண்டாவது வகை. ஈ.சி.எம்., என்ஜின் ரூம் வயரிங், த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர் ரெயில், பம்போடு டேங்க், போக வர இரண்டு பெட்ரோல் லைன், ஆக்சிஜன் சென்சார் இருக்கும் முன் சைலன்சர், கேம், மேப் (காற்றழுத்தம்), த்ராட்டில், கூலன்ட் சென்சார்கள், ரிலேக்கள், இம்மொபிலைசர் (வேறு சாவிக்கு என்ஜினை எடுக்கவிடாத பூட்டு) இருந்தால் சாவியோடு. எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். பிளக்கை நறுக்கி வைத்திருக்கும் வயரிங்கை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஹோஸ் ஹை பிரஷர் வகையாக இருக்க வேண்டும். பழைய ரப்பர் டியூப் 3 பாருக்கு ஆகாது. ஆம்னி என்ஜினும் 796 சி.சி.தான் என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் விலகிவிடுங்கள். அது சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் படுப்பது, உங்களுடையது குறுக்குவாக்கு.

எங்களைக் கேட்டால் ரீபோர்தான். 68.5 மி.மீ. போருக்கு 0.25, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் (கூடுதல் அளவு) பிஸ்டன் கிடைக்கிறது. என்ஜின் நம்பர் மாறாததால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போக வேண்டாம். வேறு என்ஜின் என்றால் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி முன்அனுமதி வாங்கி ஆர்.சி.யில் புது நம்பர் ஏற வேண்டும். அதற்குக் கடை பில் கட்டாயம் வேண்டும். துண்டுச் சீட்டு செல்லாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வாணியம்பாடி வாசகர்: ஸ்விஃப்ட் டீசலில் (75 பி.எஸ்.) எர்டிகாவின் 90 பி.எஸ். என்ஜின் வைத்தால் பவர் கூடுமா?

பதில்: இரண்டும் ஃபியட் வடிவமைத்த அதே 1248 சி.சி. என்பதால் வந்த ஆசை. டார்க் (முறுக்குவிசை) 190லிருந்து 200 என்.எம். ஆகிறது, அவ்வளவுதான். எர்டிகாவில் இருப்பது விரியும் சுருங்கும் இதழ் கொண்ட வி.ஜி.டி. டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று காற்றை என்ஜினுக்குள் தள்ளும் விசிறி). இதழை எப்போது எவ்வளவு அசைப்பது என்பது அதன் ஈ.சி.எம்.மில் இருக்கிறது, ஸ்விஃப்ட் ஈ.சி.எம்.முக்கு அது தெரியாது. இதழை அசைக்கும் வாக்குவம் ஹோஸைச் சும்மா விட்டால் இதழ் திறந்தே நின்று கீழ் ஆர்.பி.எம்.மில் வண்டி இழுக்காது. நேரடியாக வாக்குவம் கொடுத்தால் மூடிக்கொண்டு டர்போ அளவு மீறிச் சுழன்று சீக்கிரம் முடிந்துவிடும். எர்டிகா ஈ.சி.எம்., இன்டர்கூலர், வயரிங் என்று போனால் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம்.

உங்கள் என்ஜின் உண்மையிலேயே செத்துவிட்டதென்றால் 75 பி.எஸ். என்ஜினையே தேடுங்கள். இன்ஜெக்டர் மாறினால் ஒவ்வொன்றின் தலையிலும் எழுதியிருக்கும் குறியீட்டு எண்ணை ஸ்கேனரால் ஈ.சி.எம்.மில் ஏற்ற வேண்டும். அந்த எண்ணை ஏற்றாமல் விட்டால் ஐடிலில் தட்டும், புகையும். இன்ஜெக்டரே கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: காயலான் கடையில் அதே பார்ட் நம்பர் ஈ.சி.எம். வாங்கி மாட்டினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை. மீட்டரில் சாவி லைட் மினுக்குகிறது.

பதில்: இம்மொபிலைசர் பூட்டு. சாவி, இம்மொபிலைசர், ஈ.சி.எம். மூன்றும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். வேறு வண்டி ஈ.சி.எம்.முக்கு உங்கள் சாவி அந்நியம். டீலரிடமோ, அந்த மாடலுக்குரிய ஸ்கேனர் வைத்திருப்பவரிடமோ ஆர்.சி.யோடு போய்ப் பொருத்திக்கொள்ளுங்கள். சில மாடலில் வேறு வண்டியில் ஓடிய ஈ.சி.எம். மறுமுறை பொருந்தாது.

அதற்கு முன், கழற்றிய ஈ.சி.எம். நிஜமாகவே கெட்டதா? அதை மறுபடி மாட்டி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஈ.சி.எம். எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைத் தேய்த்து முறுக்குங்கள். பாதிக் கேஸ் அங்கேயே முடியும்.

ஆற்காடு வாசகர்: எல்.எக்ஸ்.ஐ. (வசதி குறைந்த மாடல்) வண்டிக்கு வி.எக்ஸ்.ஐ. (அதற்கு மேல் மாடல்) ஸ்டியரிங்கும் மீட்டரும் மாட்டலாமா?

பதில்: ஸ்டியரிங்கில் ஆடியோ பட்டன் வேலை செய்ய, அதற்குரிய வயர் உள்ள கிளாக் ஸ்பிரிங்கும் (ஸ்டியரிங்கோடு சுருண்டு விரியும் ரிப்பன் வயர்) மாற்ற வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி 3 நிமிடமாவது கழித்தே ஏர்பேகைத் தொடுங்கள். அதன் பிளக்கில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது. முன் சக்கரம் நேராக இருக்க, கிளாக் ஸ்பிரிங்கை நடுவில் நிறுத்தி மாட்டுங்கள். தப்பினால் முழுசாகத் திருப்பும்போது ரிப்பன் அறுந்து ஏர்பேக் லைட் எரியும். ரெசிஸ்டர் வைத்து அந்த லைட்டை அணைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மீட்டரில் கிலோமீட்டர் உள்ளேயே பதிவாகியிருக்கும். மாற்றினால் பழைய வண்டியின் எண்தான் காட்டும். மாற்றிய தேதியையும் அன்றைய இரண்டு ரீடிங்கையும் சர்வீஸ் புக்கில் எழுதி கராஜ் முத்திரை வாங்கிவையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.