மிதியடிக்குக் கீழே சாவி

அன்புள்ள ஐயா,

பத்து நிமிடக் குற்றக் குறும்படம் ஒன்று எடுக்க இருக்கிறேன். நீங்கள் பரிந்துரைத்த, 1913ஆம் ஆண்டு வெளிவந்த ‘சஸ்பென்ஸ்’ என்ற அமெரிக்க மௌனப் படத்தைப் பார்த்தேன். திரையை முக்கோணங்களாகப் பிரித்ததும், துரத்தி வருபவர்கள் காரின் பின்பார்வைக் கண்ணாடியில் தெரிவதும் வியக்க வைத்தன. இந்த இரண்டையும் என் படத்தில் பயன்படுத்த ஆசை. ஆனால் கதையில் திருப்பமே இல்லையே, படம் எப்படி நிற்கிறது? எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முக்கோணத்தையும் கண்ணாடியையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சாவியைப் பாருங்கள்.

லோயிஸ் வெபர், ஃபிலிப்ஸ் ஸ்மாலியுடன் சேர்ந்து இயக்கி, தானே மனைவியாகவும் நடித்த படம் இது. ஒதுக்குப்புறமான வீடு, கைக்குழந்தையோடு ஒரு பெண். வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புகிறாள். ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, சாவியை வாசல் மிதியடிக்குக் கீழே போட்டுவிட்டுப் போகிறாள். அந்தப் பக்கம் வரும் நாடோடிக்குச் சாவி இருப்பது தெரியாது. நமக்குத் தெரியும். அவன் வாசலை நெருங்கியதிலிருந்து நம் கண் மிதியடியை விட்டு நகருவதில்லை. இதற்குமேல் திருப்பம் எதற்கு? திருப்பத்துக்காகப் பார்வையாளரிடம் எதையாவது ஒளிக்க வேண்டும். வெபர் எதையும் ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் முன்னதாகவே நம் கையில் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் நம்மைத் தவிக்க விடுகிறார்.

முக்கோணமும் இதற்காகத்தான். தொலைபேசியில் கணவன், மறுமுனையில் மனைவி, வீட்டு வாசலில் நாடோடி. ஏறக்குறைய இதே கதையை 1909இல் ‘தி லோன்லி வில்லா’ படத்தில் அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் மாற்றி மாற்றி வெட்டிக் காட்டியிருந்தார். அப்படி வெட்டினால் ஒருவரைப் பார்க்கும்போது மற்றவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார். வெபருக்கு மூவரும் ஒரே நொடியில் தேவைப்பட்டார்கள், மூவருக்கும் தெரிந்தது வேறு வேறு என்பதால். உங்கள் கதையில் அப்படி ஒரு நொடி இருந்தால் திரையைத் தாராளமாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் அது கல்யாண ஆல்பம்போல ஆகிவிடும்.

தொலைபேசிக் கம்பியை நாடோடி அறுத்ததும், கணவன் தெருவில் நிற்கும் யாரோ ஒருவருடைய காரைத் திருடிக்கொண்டு வீட்டுக்கு விரைகிறான். மனைவியைக் காப்பாற்றப் புறப்பட்டவனே திருடனாகிவிட்டான். காரின் சொந்தக்காரரும் போலீசும் பின்னால் வருகிறார்கள். கடைசியில் போலீசை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் இந்தத் திருட்டுதான். நீங்கள் ரசித்த கண்ணாடிக் காட்சியை இதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். என்னை அதிகம் பயமுறுத்தியது வேறோர் இடம்: மாடியில் அவள் நடுங்கிக்கொண்டிருக்க, நாடோடி சமையலறையில் சாவகாசமாக எதையோ எடுத்துத் தின்கிறான். எடுப்பதற்குச் செலவே இல்லாத காட்சி! முடிவு மட்டும் சுமார்தான்.

மறுபடி பாருங்கள், பின்னணி இசையை நிறுத்திவிட்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேராக, அந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கேமராக் கோணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் திரைக்கதைக்கும் இதே பட்டியலைப் போடுங்கள். தொடர்ந்து நாலைந்து ஷாட்டுக்கு எதுவும் மாறவில்லை என்றால் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், பேசுவோம்.