மாடித்தோட்டம்: கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் என் அக்கா அங்கே காட்டில் விளையும் ஒரு மணிப்பூச் செடியின் கிழங்கைப் பச்சையாகவே சாப்பிடுகிறாளாம். பெயர் ராம்பியன். மதுரை மாடியில் வளருமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அதன் தாவரவியல் பெயர் காம்பனுலா ராப்பன்குலஸ், ஐரோப்பாவில் ஒரு காலத்தில் காய்கறியாகவே பயிரிட்ட செடிங்க. முதல் வருடம் இலையும் கிழங்கும், இரண்டாம் வருடம் நீலப்பூ, அதோடு ஆயுள் முடிந்தது. நம்ம ஊர் சித்திரை வெயிலை அது தாங்கும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, கொடைக்கானலில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே போடச் சொல்லுங்கள். மதுரையில்தான் வேண்டுமென்றால் ஐப்பசி மழையோடு விதைத்து மாசிக்குள் இலையைப் பறித்துவிடலாம், கிழங்கு தேறினால் லாபம்.

விதை தூசி மாதிரி இருக்கும். மணலோடு கலந்து ஈர மண்மேல் தூவுங்கள், மூடாதீர்கள், அதற்கு வெளிச்சம் வேண்டும். தண்ணீரைக் குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும், அதனால் ஸ்பிரேயர்தான். முளைத்த பிறகு 10 செ.மீ. இடைவெளி விட்டு மற்ற நாற்றுகளைக் களைந்துவிடுங்கள்.

பூக்கும் முன் பிடுங்கினால் கிழங்கு காரமில்லாத முள்ளங்கி போல லேசாக இனிக்கும், பூத்துவிட்டால் நார்தான். இலையைப் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள்.

ஒன்று முக்கியம். அக்காவைத் தபாலில் விதை அனுப்பச் சொல்லிவிடாதீர்கள், வெளிநாட்டு விதைக்கு மத்திய அரசின் 2003-ஆம் ஆண்டு தாவர இறக்குமதி ஆணைப்படி தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். காட்டில் பறித்த விதையும் வேண்டாம், பூக்காத நிலையில் விஷச்செடியும் இதே மாதிரி தரையொட்டி இலை விட்டு நிற்கும்.